கையில் மை படியலாம், எண்ணெய் படியலாகாதா?

“தலைமையாசிரியர் ஒருவர் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு அமர்ந்து மோட்டார் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருப்பது பதவிக்கு அழகா?” என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அவர் தமிழாசிரியர், மேடைப் பேச்சாளர், உழைப்பின் உயர்வைப் பற்றி ஒன்றரை மணி நேரம் இடைவிடாது பேச வல்லவர். அன்று சிரித்து மழுப்பினேன். இன்று எழுத்தில் விடை தருகிறேன். ஏனெனில், அக்கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமன்று.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஹோண்டா சி 70. 72 சி.சி. எஞ்சின், மூன்று கியர், கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தந்தையார், பிறர் ஓட்டிக் கழித்ததை 1981ஆம் ஆண்டில் தவணைக்கு வாங்கினார். அதன் பின்னிருக்கையில் அமர்ந்தே நான் பள்ளி சென்றேன். 1958ஆம் ஆண்டு சப்பானில் பிறந்த ‘சூப்பர் கப்’ குடும்பத்து வண்டி அது. அக்குடும்பத்து வண்டிகளின் எண்ணிக்கை 2017ஆம் ஆண்டில் 10 கோடியை எட்டியது. நம் நாட்டில் அதனைக் ‘கப்சாய்’ என்பர். ‘கப்’ என்னும் ஆங்கிலப் பெயரோடு, ‘சிறியது’ எனப் பொருள்படும் கந்தோனீச ஒட்டு சேர்ந்து, மலாய்க்காரர் வாயிலும் தமிழர் வாயிலும் புழங்கும் சொல்லாயிற்று. மொழியாசிரியர்க்கு இதுவே ஒரு பாடம், அது நிற்க.

சில ஆண்டுகட்கு முன் ஒருநாள் அவ்வண்டி நடுவழியில் நின்றது. பட்டறைக்குத் தள்ளிச் சென்றேன். அங்கிருந்தவர் இருமுறை உதைத்துப் பார்த்தார். “எஞ்சின் செத்துப் போச்சு சார். பிஸ்டன் முதற்கொண்டு எல்லாம் மாற்ற வேண்டும். அந்தக் காசுக்குப் புது வண்டிக்கு முன்பணம் கட்டிவிடலாம்” என்றார். ஒரு திருகாணியையும் அவர் தொடவில்லை. நானோ தலையை ஆட்டினேன்! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்றுத் தேறியவன். கைத்தொழில் வழிக் கல்வி பற்றிக் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வார்தாவில் முன்வைத்த திட்டத்தைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன். ஒரு பிளக்கைக் கழற்றத் தெரியாமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன்.

என் தெருவில் வாழும் பையன் ஒருவன், நான்காம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தவன், அன்று மாலை எட்டிப் பார்த்தான். “நான் பார்க்கட்டுமா, சார்?” என்றான். பின்னர் நிகழ்ந்ததை நான் மறக்கவியலாது.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை நாம் எத்தனை ஆண்டுகளாக மனப்பாடம் செய்விக்கின்றோம்! நோயை அறிக, அதன் மூலத்தை அறிக, தீர்க்கும் வழியைத் தேர்க, பின்னரே செயலில் இறங்குக என்று வள்ளுவர் வகுத்த ஒழுங்கைக் கரும்பலகையில் நான் எழுதியது நூறு முறைக்குக் குறையாது. அவ்வொழுங்கு செயலாவதை முதன்முறையாகக் கண்ணாரக் கண்டது அன்றுதான். எஞ்சின் உயிர்பெற மூன்று வேண்டும்: பெட்ரோல் கலந்த காற்று, அழுத்தம், உரிய நொடியில் தீப்பொறி. பையன் கார்புரேட்டரின் அடியிலிருந்த திருகாணியைத் தளர்த்தினான், பெட்ரோல் வடிந்தது. அதனைத் துடைத்துக் காயவிட்ட பின்னர்ப் பிளக்கைக் கழற்றி, அவ்வோட்டையை என் கட்டைவிரலால் பொத்தச் சொல்லி உதைத்தான். விரலைக் காற்று தள்ளியெறிந்தது. “அழுத்தம் இருக்கிறது சார், பிஸ்டன் நன்றாகத்தான் இருக்கிறது” என்றான். அடுத்து, பிளக்கை அதன் கம்பியோடு பொருத்தி, எஞ்சினின் உலோகத்தில் சாய்த்துவைத்து உதைத்தான். பொறி இல்லை. இரண்டு உண்டு, மூன்றாவது இல்லை. நோய் எங்கே என்பது தெரிந்துவிட்டது.

இடப்புற மூடியை அகற்றி, காந்தச் சக்கரத்தின் திறப்பு வழியே விளக்கடித்துக் காட்டினான். பாயிண்ட் எனப்படும் இரு முனைகள் உள்ளே இருந்தன. அவை தொட்டுப் பிரியும் கணத்தில்தான் பொறி பிறக்கும். பிரியும்போது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டும். தேய்மானத்தால் அது மூடியே போயிருந்தது, முனைகளும் கரிந்திருந்தன. மெல்லிய அரத்தால் தேய்த்துத் துடைத்து, அளவுத் தகட்டைச் செருகி இடைவெளியைச் சரிசெய்தான். பிளக்கை மாட்டியபின் மூன்றாம் உதைக்கு எஞ்சின் ஓடியது. செலவு ஒரு வெள்ளிகூட இல்லை.

இனி நான் எழுதப்போவது எழுதக் கூசுவது. அப்பையன் என் பழைய மாணவன். ஆறாம் ஆண்டில் அவன் நகக்கண்களில் கறுப்பெண்ணெய் படிந்திருக்கக் கண்டு, அவன் கையை வகுப்பின்முன் தூக்கிப் பிடித்து, “படிக்காவிட்டால் பட்டறையில்தான் கிடப்பாய்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தந்தை பட்டறைத் தொழிலாளி என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அதே வாக்கியத்தை இருபது ஆண்டுகளாக எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கின்றேன். அவன் அதனை நினைவில் வைத்திருக்கின்றானா என்று இன்றுவரை கேட்கும் துணிவு எனக்கு வந்ததில்லை.

ஆசிரியப் பெருமக்களே! இவ்வாக்கியத்தை நீங்கள் சொன்னதில்லையா? இஃது எங்கிருந்து வந்தது? நம்மிற் பலர் தோட்டத்திலிருந்து வந்தோம். கையால் உழைத்தோர் துரையின்முன் கைகட்டி நின்றதைக் கண்டோம். ஆதலால், அவ்வாழ்விலிருந்து தப்பும் வழி கல்வியே என்று நம்பினோம். அதில் தவறில்லை. ஆனால், தாழ்த்தியவனை வெறுப்பதற்கு மாறாக, உழைத்த கையை வெறுக்கக் கற்றுக்கொண்டோம். தோட்டத்து ஆலையில் எஞ்சின் ஓட்டியவரும் அதனைப் பழுதுபார்த்தவரும் நம் பாட்டன்மாரில் இருந்தனர். அவர்தம் அறிவு எந்த ஏட்டிலும் ஏறாமல் அவர்களோடே மண்ணாயிற்று. அது தமிழறிவு அன்றோ?

சொல்லாக்கம் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். கார்புரேட்டருக்குக் ‘கலப்பி’, வால்வுக்கு ‘அடைப்பிதழ்’ என நற்சொற்கள் உள. நான் அவற்றுக்குப் பகைவன் அல்லன். ஆயினும், கலப்பி என்னும் சொல்லுக்காக மேசையைக் குத்தி வாதிடும் அன்பர்களுள் எத்துணைப் பேர் அதனைக் கழற்றி, ஊசித்துளையன்ன அதன் துவாரத்தில் அடைத்த தூசியை ஊதியிருப்பர்? பொருளைத் தொடாதவன் ஆக்கிய சொல் அகராதியில் உறங்கும். பட்டறையில் நம் பிள்ளைகள் பிறமொழிச் சொற்களைப் பேசுகின்றனர் என்று புலம்புகின்றோமே, அப்பட்டறையில் தமிழாசிரியன் ஒருவனாவது என்றேனும் அமர்ந்ததுண்டா?

‘நேரமில்லை’ என்பர் சிலர். செயினுக்கு எண்ணெயிட்டு இழுவையைப் பார்க்க அரைமணி போதும். முக்கால் லிட்டர் அளவு எண்ணெய் மாற்ற அதனினும் குறைவு. ‘பட்டறைக்காரர் பிழைப்பைக் கெடுக்கலாமா?’ என்பது மற்றொரு கேள்வி. கெடுக்க வேண்டா. எஞ்சினைப் பிளக்கும் வேலையும், பற்றவைக்கும் வேலையும் அவருடையவை. அங்கே அவரே ஆசான். நோய் இன்னதென்று அறிந்து செல்பவனை நேர்மையான பட்டறைக்காரர் வரவேற்கின்றார். மற்றவர் சற்றுத் தயங்குகின்றார். அவ்வளவே வேறுபாடு. ‘ஆபத்து’ என்போர்க்கு உடன்படுகின்றேன். பெட்ரோலைத் திறந்துவைத்து நெருப்பை அண்டவிடுதல், கதவடைத்த அறையில் எஞ்சினை ஓடவிடுதல், பழைய பிரேக் கட்டையின் தூசியை வாயால் ஊதுதல் ஆகிய மூன்றும் ஆகா. அத்தூசியில் கல்நார் கலந்திருக்கலாம். இவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தானே ஆசிரியன் வேண்டும்?

இப்போது எம் பள்ளியில் சனிக்கிழமைதோறும் சைக்கிள் கொட்டகையில் அந்தச் சி 70 நிற்கின்றது. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் சூழ்ந்து நிற்பர். நீள்துணி விரித்து, கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவர். அவ்வரிசையைத் தமிழில் எழுதுவர். பிளக் முனை கபில நிறமாயின் எரிதல் செம்மை, கறுத்து மசி படிந்திருப்பின் பெட்ரோல் மிகை, வெளுத்திருப்பின் பற்றாக்குறை என்று அவர்கள் எழுதிய குறிப்புகள், ‘என் கனவு’ என்னும் தலைப்பில் அவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளைவிடப் பன்மடங்கு மேலானவை. சொல்லிக்கொடுப்பவன் நான் அல்லன். அந்தப் பழைய மாணவனே. நான் ஆணிகளைத் துடைத்து எடுத்துக் கொடுக்கின்றேன். என்னைக் கேள்வி கேட்ட நண்பரும் ஒருமுறை வந்தார். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தமையால் தொலைவிலேயே நின்று பார்த்துவிட்டுச் சென்றார். காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகின்றோம். அடுத்த முறை அவர் பழைய சட்டையில் வருவாராக.