பிரேக்கையும் கழற்றணுமா?

என் லேப்டாப் வால்பேப்பர் ஒரு ஜப்பானிய கெய்ரின் சைக்கிள். மெல்லிய ஸ்டீல் ஃபிரேம், பளபளக்கும் கிராங்க், கீழே வளைந்த ஹேண்டில்பார். கியர் இல்லை, கேபிள் இல்லை, பிரேக்கும் இல்லை. பார்த்துக்கிட்டே இருக்கலாம்!

அதைப் பார்த்த ரூம்மேட், தன் சைக்கிளிலும் பிரேக்கைக் கழற்றப் போறேன்னு ஸ்பேனரோட உட்கார்ந்துட்டான். வேண்டாம்டான்னு தடுத்தேன்.

அவன் சைக்கிளில் இருப்பது ஃப்ரீவீல். பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். கெய்ரின் சைக்கிள் ஃபிக்ஸட் கியர். பின் பல்சக்கரம் வீலோடவே இறுகியிருக்கும். வீல் சுத்துற வரைக்கும் காலும் சுத்தணும். பெடலை எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். ஃப்ரீவீலில் அந்த வழியும் கிடையாது.

ஃபிக்ஸட் கியர்னா பிரேக் வேண்டாமா? ரோட்டில் கட்டாயம் வேணும். 1948-ல் கோகுராவில் தொடங்கிய கெய்ரின், டிராக்கில் நடக்கும் பந்தயம். அங்கே நாய் குறுக்கே வராது. ரோட்டில் சடாரென்று நிற்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போயிடும், பின் சக்கரம் வழுக்கும். காலால் நிறுத்த முடிவதோ பின் சக்கரத்தை மட்டும்தான். பிரிட்டன் சட்டம்கூட ரோட்டில் ஓடும் ஃபிக்ஸட் கியருக்கு முன் பிரேக் கேட்கிறது.

தேவையில்லாத எதுவும் இல்லை என்பதுதான் இந்த சைக்கிளின் அழகு. அந்த லிஸ்டில் பிரேக்கைச் சேர்க்காதீங்க. முதல் சம்பளத்தில் நானும் ஒண்ணு வாங்குவேன், முன் பிரேக்கோட.