தேனீ, எறும்பு, ஓநாய்... அப்புறம் காணாமப் போன 10 பீஸ்

முதல்லயே சொல்லிடறேன், இது புலம்பல் பதிவு. ஆராய்ச்சி பண்றவங்க யாராச்சும் படிச்சா கோவம் வரும். வரட்டும்.

போன மாசம் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். இப்போ ஒரு இஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியார், கூடவே பார்ட் டைம்ல பிஎச்டி. "மாப்ள, நீ பொட்டி தட்டறவன்தான, ஒரு சின்ன கோடு மட்டும் எழுதிக் குடுடா"ன்னான். என்ன தலைப்புன்னு கேட்டேன். ஒரு சாப்ட்வேருக்கான டெஸ்ட் கேஸ்களை எந்த வரிசையில ஓட்டினா தப்பு சீக்கிரம் மாட்டும்ங்கறதை, தேனீக்கள் கூட்டமாப் போய் தேன் தேடற முறையை வச்சுக் கண்டுபிடிக்கறதாம். சரி, எந்தப் புரோகிராமை வச்சு சோதிக்கப் போறேன்னேன்.

"முக்கோணம் மாப்ள."

ஙே!

தெரியாதவங்களுக்கு: மூணு எண் குடுத்தா, அது எந்த வகை முக்கோணம்னு சொல்ற புரோகிராம். மூணு பக்கமும் சமமா, ரெண்டு மட்டும் சமமா, எதுவுமே சமமில்லையா, அவ்வளவுதான். 1979-ல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் தன்னோட டெஸ்டிங் புத்தகத்தோட ஆரம்பத்துலயே, "இதுக்கு நீ எத்தனை டெஸ்ட் எழுதுவே பாக்கலாம்"னு வாசகனைச் சீண்டறதுக்காக வச்ச கணக்கு அது. அருமையான கணக்கு. ஆனா நாப்பது வருஷம் தாண்டியும் நம்ம ஊர்ல அதுவே ஆராய்ச்சிப் பொருளா ஓடிட்டிருக்கு.

இதுல பெரிய காமெடி என்னன்னா, டெஸ்ட் கேஸ்களை வரிசைப்படுத்தறதுங்கறது நிஜமான பிரச்சினை. பெரிய சாப்ட்வேர்ல மொத்த டெஸ்ட்டையும் ஓட்டி முடிக்க ராத்திரி பூரா ஆகும், அங்க எதை முதல்ல ஓட்டணும்ங்கறது முக்கியம். முக்கோணப் புரோகிராமுக்கு இருக்கற எல்லா டெஸ்ட்டும் கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுல தேனீயை விட்டு வரிசைப்படுத்தி என்னத்தை மிச்சம் பிடிக்கறது? தேனீ ஓடி முடிக்கத்தான் நேரம் அதிகமாகும்.

தேனீ மட்டுமில்லீங்க. எறும்பு 1992-லயே வந்தாச்சு. தேனீ 2005. குயில் 2009. சாம்பல் ஓநாய் 2014. அசல் எறும்பு முறையை நான் கிண்டல் பண்ணலை, அதுக்கு உண்மையான பயன் இருக்கு. ஆனா பின்னாடி வந்த பலதுல மிருகத்தோட பேரு மட்டும்தான் புதுசு, உள்ள இருக்கற கணக்கு பழசுன்னு 2015-ல் கென்னத் சோரன்சன்ங்கற பெல்ஜியம் ஆராய்ச்சியாளர் கட்டுரையே எழுதி மானத்தை வாங்கிட்டார். நம்ம ஊர்ல அது யார் காதிலயும் விழுந்த மாதிரி தெரியலை. எறும்பை முக்கோணத்துல விடு, ஒரு பேப்பர். ஓநாயை விடு, இன்னொரு பேப்பர்.

நண்பனைக் குத்தம் சொல்லலை. அவனுக்குக் குடும்பம் இருக்கு, பிஎச்டி இல்லாட்டி வேலை நிலைக்காது. பேப்பரை எண்ணி மார்க் போடற ஊர்ல அவன் பேப்பர்தான் உற்பத்தி பண்ணுவான். எண்ண ஆரம்பிச்சா என்னாகும்ங்கறதுக்கு யுஜிசியே சாட்சி. தானே அங்கீகரிச்ச பட்டியல்ல இருந்து 2018 மே மாசம் ஒரே வீச்சுல 4,305 ஜர்னல்களைத் தூக்குச்சு. 2022-ல பிஎச்டிக்கு முன்னாடி பேப்பர் கட்டாயமில்லைன்னும் சொல்லியாச்சு. ஆனா பல்கலைக்கழகம் தன் இஷ்டத்துக்குக் கேட்டுக்கலாம். அப்புறம் என்ன?

இப்ப என் கதை. நான் ஆணி புடுங்கறது பனியன் கம்பெனிகளுக்கான ஒரு சாப்ட்வேர்ல. ஆர்டர், கட்டிங், பேக்கிங் எல்லாம் அதுல ஓடும். ஒரு பையர் 10,000 பீஸ் ஆர்டர். 5 கலர், கலருக்கு 2,000. ஸ்மால், மீடியம், லார்ஜ், எக்ஸ்எல் 1:2:2:1. 2,000-ஐ ஆறு பங்காப் பிரிச்சா 333.33 வரும். நம்ம கோடு அந்தப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதை வெட்டி எறிஞ்சிடுச்சு. 333, 666, 666, 333. கூட்டிப் பாருங்க, 1,998. கலருக்கு 2 வீதம் 10 பீஸ் காணோம். ராத்திரி பதினொரு மணிக்கு, வண்டி வெளிய நிக்கறப்ப, பேக்கிங் சூப்பர்வைசர்தான் கண்டுபிடிச்சார். கம்ப்யூட்டரை வச்சு இல்லைங்க, விரலை விட்டு எண்ணி!

எங்க டெஸ்ட் டேட்டாவை எடுத்துப் பாத்தேன். 600, 1200, 12000. எல்லாமே ஆறால் வகுபடற எண். எழுதினது யாரு? சாட்சாத் நானேதான்.

இந்த இடத்துல எங்க ஆபீஸ்ல ஒரு வசனம் வரும். "ரிசர்ச்செல்லாம் வேஸ்ட்டு மச்சி, நிஜ உலகத்துக்கு உதவாது." இதைக் கேட்டா எனக்கு தேனீயை விடக் கோவம் வருது. 2000-ல் சுவீடன்ல சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துல கூன் கிளாசன், ஜான் ஹ்யூஸ்னு ரெண்டு பேர் குயிக்செக்னு ஒண்ணு பண்ணினாங்க. நீ ஒவ்வொரு டெஸ்ட்டா எழுதாதே, எப்பவும் உண்மையா இருக்க வேண்டிய விதியை மட்டும் எழுது, எண்களை மெஷின் கண்டபடி உருட்டிப் போட்டுப் பாக்கும். இவ்வளவுதான் யோசனை. "சைஸ்களைக் கூட்டினா மொத்தம் வரணும்"னு ஒரே ஒரு வரி நான் எழுதியிருந்தா போதும். ஆறால் வகுபடாத எந்த எண் வந்தாலும் மாட்டியிருக்கும், அதாவது ஆறுல அஞ்சு வாய்ப்பு முதல் உருட்டலுக்கே. இதுக்கான நூலகங்கள் இன்னிக்கு நாம எழுதற எல்லா மொழியிலயும் இலவசமாக் கிடைக்குது. நாம தொடலை. யாரு வேஸ்ட்டு?

எங்க சின்னம்மா வீரபாண்டியில ஒரு கம்பெனியில செக்கிங்ல இருக்கு. இந்த 10 பீஸ் கதையைச் சொன்னேன். "ஏங்கண்ணு, நீங்க செக்கிங்க்கு நல்ல பீஸா எடுத்து வச்சுக்குவீங்களா?"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்ல முடியலை.

சின்னம்மா கம்பெனிக்கு பையரோட கியூசி வந்தா, 10,000 பீஸ்ல 200-ஐ அவரே அங்கங்க உருவி எடுப்பார். மேஜர் தப்பு 10 வரைக்கும் பாஸ், 11 ஆனா மொத்த லாட்டும் பெயில். ஏக்யூஎல் 2.5-னு ஊர்ல டைலர் வரைக்கும் தெரியும். அந்த 200-ம் 10-ம் வானத்துல இருந்து வரலை. 1920-கள்ல பெல் லேப்ஸ்ல ஹெரால்ட் டாட்ஜ், ஹாரி ரோமிக்னு ரெண்டு பேர், ஃபேக்டரியில வர்ற டெலிபோன் சாமான்களை எத்தனை எடுத்துப் பாத்தா போதும்னு ஆரம்பிச்ச ஆராய்ச்சியோட வாரிசு அது. சுத்தமான கணிதம்தான், ஆனா அசல் சரக்கு மேல பண்ணின கணிதம். அதனாலதான் நூறு வருஷம் கழிச்சு பல்லடம் ரோட்டு வரைக்கும் வந்து நிக்குது.

வெள்ளைக்காரனாலதான் முடியும்னு யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கிண்டி இஞ்சினியரிங் காலேஜ்ல படிச்ச ஸ்ரீராம் ராஜாமணி, மைக்ரோசாப்ட்ல தாமஸ் பால் கூடச் சேந்து ஸ்லாம்னு ஒரு ஆராய்ச்சி பண்ணினார். அவங்க கையில எடுத்தது முக்கோணமில்லை, விண்டோஸை நீலத் திரையோட கவுத்துக்கிட்டிருந்த டிவைஸ் டிரைவர்கள். புரோகிராமை ஓட்டாமலேயே, கோடை மட்டும் அலசி தப்பைப் பிடிக்கற கருவியா அது வெளிய வந்துச்சு. 2011-ல் அந்தத் துறையோட பெரிய விருதான சிஏவி விருதும் கிடைச்சது.

அதெல்லாம் மைக்ரோசாப்ட் காசுன்னு சொல்வீங்க. சரி, காசே இல்லாத ஒண்ணு சொல்றேன். 2014-ல் ரெனே ஜஸ்ட்டும் கூட இருந்தவங்களும் அஞ்சு ஜாவா புராஜெக்ட்டோட பழைய சரித்திரத்தைத் தோண்டி, 357 நிஜ பக்குகளைத் தொகுத்து வெளியிட்டாங்க. டிஃபெக்ட்ஸ்4ஜெ-னு பேரு. தப்புள்ள கோடு, திருத்தின கோடு, அதைக் காட்டிக்குடுக்கற டெஸ்ட். தேனீ இல்லை, ஓநாய் இல்லை. பொறுமை மட்டும்தான். இன்னிக்கும் உலகம் பூரா அதை வச்சு சோதிக்கறாங்க.

அப்படி ஒண்ணை நாம ஏன் பண்ணக்கூடாது? பீஸ் ரேட் கூலி, சைஸ் ரேஷியோ, ஜிஎஸ்டி, தமிழ்ல டைப் பண்ணின பேரு பில்லுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா வர்றது. திருப்பூர்ல இதெல்லாம் தினமும் உடையுது. கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். ஒரு பிஎச்டி ஸ்காலர் வந்து உக்காந்து பாத்ததா எனக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் "வாங்க"ன்னு யாரையும் கூப்பிட்டதில்லை, பக்கு வெளிய தெரிஞ்சா கஸ்டமர் போயிருவான்னு பயம்.

நண்பனுக்கு கோடு எழுதித் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். பதிலுக்கு, கஸ்டமர் பேரெல்லாம் அழிச்சுட்டு ரெண்டு வருஷ பக் லிஸ்ட்டையும் திருத்தின கோடையும் தர்றேன், அதை வச்சுப் பண்ணுடான்னேன். "கைடு ஒத்துக்கணுமே மாப்ள"ன்னான். எங்க டேமேஜர்கிட்டயும் கேட்டிருக்கேன், "பாக்கலாம்"னிருக்கார். ரெண்டு பக்கமும் இன்னும் பதில் வரலை.