நீர்ப்பையும் நம் சோம்பலும்

மலையேறச் செல்லும் மாணவர் முதுகில் இக்காலத்தே நீர்ப்பை ஒன்று விளங்கக் காண்கின்றோம். இரண்டு அல்லது மூன்று லிட்டர் நீர் கொள்ளும் மெல்லிய உறையும், தோள்வழியே வரும் குழாயும், கடித்தாலன்றித் திறவாத வாய்முனையும் அதன் உறுப்புக்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டா ஃபால்ஸ் நகரில், கடுங்கோடையில் நிகழும் நூறு மைல் மிதிவண்டிப் பந்தயத்திற்குச் சென்ற மைக்கேல் ஐட்சன் என்பார், நோயாளர்க்கு மருந்துநீர் ஏற்றும் பையொன்றைக் காலுறையிலிட்டு முதுகிற் கட்டிக் குழாய்வழிப் பருகினார். இன்றைய நீர்ப்பைகள் பெருகுதற்கு அதுவே தோற்றுவாயாயிற்று.

நிற்க. இப்பை மூப்பினாற் கெடுவது சிறிது. நம் சோம்பலாற் கெடுவதே பெரிது என்பது எம் கருத்து.

சென்ற ஆண்டு தோழர் சிலருடன் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் ஏறினோம். தோழர் ஒருவரது பை முதல் நாழிகையிலேயே ஒழுகி அவர் முதுகை நனைத்தது. நண்பகலில் அவர் நாவறண்டு நின்றபோது எம் பையை நீட்டினோம். முன்னொருநாள் அதில் ஊற்றிய பானகத்தின் எச்சம் குழாயிற் பூஞ்சையாய்ப் படிந்திருந்ததை யாம் அறிந்திலோம். அவர் ஒரு வாய் பருகி உமிழ்ந்துவிட்டார். அன்று எய்திய நாணம் இன்றும் ஆறவில்லை. ஏனையோர் குப்பிகளிற் கொணர்ந்த நீரைப் பகிர்ந்துகொண்டு, உச்சி காணாமலே இறங்கினோம். பின்னர் ஆராய்ந்தபோது தோழர் பையின் குற்றம், மூடியின் ரப்பர் வளையத்தில் ஒட்டியிருந்த மணற்பருக்கை ஒன்றே என்பது புலனாயிற்று!

இக்கேட்டைத் தவிர்த்தல் அரிதன்று. வீடு திரும்பியவுடன் எஞ்சிய நீரைக் கவிழ்த்தல் வேண்டும். ஆப்பச் சோடாவை வெதுவெதுப்பான நீரிற் கரைத்து ஊற்றி, அது குழாயினுள்ளும் நிரம்புமாறு செய்து, அரைமணி நேரம் வைத்துக் கழுவுதல் நன்று. வாய்முனையைத் தனியே கழற்றித் துலக்குக. பையின் இருபுறமும் ஒட்டிக்கொள்ளாவண்ணம் உள்ளே சிறு துணியை விரித்து வைத்து நிழலில் உலர்த்துக. ஈரத்தோடு மடித்து வைத்தலே பூஞ்சைக்கு விருந்திடுதலாகும். சர்க்கரை கலந்த பானங்களை இதில் ஊற்றாமையே அறிவுடைமை.

ஓட்டை எங்கென அறியக் காற்றடைத்து நீரில் அமிழ்த்துக, குமிழி காட்டிக்கொடுக்கும். அவ்விடத்தை உலர்த்தி, சாராவி தொட்டுத் துடைத்து, பாலியூரித்தேன் பசையை வெளிப்புறத்தே மெல்லெனப் பூசி ஒருநாள் ஆறவிடுக. குழாய்முனை கிழிந்ததேல் அம்முனையை மட்டும் அரிந்து மீளப் பொருத்தலாம். தையலோரம் நெடுகப் பிரிந்ததாயின் உள்ளுறையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. அப்பொழுதும் புறப்பையை எறிதல் வேண்டா.

"புதிது வாங்கினால் இத்தொல்லை ஏன்?" என்பார் உளர். கைப்பொருள் மிக்கார்க்கு அது தகும் போலும். ஆயினும் மலைநடுவே கடை ஏது? துப்புரவு செய்யாதவன் வாங்கும் புதுப்பையும் பழம்பையின் கதியையே அடையும்.

ஆதலின், மலையேறும் மாணவர் குழுவினர் பசையும் ரப்பர் வளையங்களும் மாற்று வாய்முனைகளும் கொண்ட சிறு பெட்டியொன்றைப் பொதுவில் வைத்தல் வேண்டும். புறப்படுதற்கு முந்திய மாலையில் ஒவ்வொரு பையிலும் நீர்நிரப்பி அமுக்கிப் பார்த்தல் விதியாகட்டும். நம் பையிலுள்ள நீர் நமக்கு மட்டும் உரியதன்று. வழியில் தளர்ந்து நிற்கும் தோழனுக்கும் உரியது. அவனுக்குக் கூசாமல் நீட்டத்தக்கதாய் அதனைக் காத்தல் நம் கடன்.