ஒன்பதாம் வகுப்பின் கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் பெற்றோர்களுமாகிய நாங்கள் எழுதுவது.

சென்ற ஆண்டு ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மேசையின் மேல் காலி அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தோம். பெயர் வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்றோம். சாயங்காலம் திறந்தால், நோட்டிலிருந்து கிழித்து எட்டாக மடித்த தாள்கள். “ஒரே ஒரு தடவைன்னா கர்ப்பம் ஆகாதாமே, நிஜமா?” “தூக்கத்துல விந்து வந்தா நரம்பு தளர்ந்துடுமா? டிவியில வைத்தியர் சொல்றார்.” பென்சிலில் எழுதிய ஒரு சீட்டு: “எனக்கு அஞ்சு மாசமா வரல. யார்கிட்ட சொல்றது?”

மறுநாள் வகுப்புக்கே பொதுவாக, நர்சம்மா எந்த நேரத்தில் இருப்பார் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். யாரும் போகவில்லை. எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையம் டீக்கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. சீருடையில் ஒரு பிள்ளை அந்தப் படியேறினால், அவள் வீடு போய்ச் சேரும் முன் சேதி போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சீட்டை எழுதியவள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இந்தச் சாசனத்தை எழுத உட்கார்ந்ததே அவளால்தான்.

எங்கள் முதல் கோரிக்கை, பாடத்தை நடத்துங்கள் என்பது. புதிய புத்தகம் எதுவும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் அச்சிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் வந்ததும் “இதை நீங்களே படிச்சுக்குங்க” என்று தாண்டிப் போகிறவர்கள் எங்களில் பலர். அதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். கருத்தடை முறைகள் விரிவாக வருவது 12ஆம் வகுப்பு விலங்கியலில். வணிகவியல் எடுத்த பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்க்கவே போவதில்லை. எனவே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எல்லாருக்கும் பாடவேளை ஒதுக்கி, கால அட்டவணையில் அதன் பெயரைப் போட வேண்டும். 2020இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. அந்தப் பயிற்சியில் ஆணுறையைக் கையில் எடுத்துக் காட்டவும், “விந்து”, “யோனி” என்ற சொற்களைக் குரல் தடுமாறாமல் சொல்லவும் ஆசிரியருக்குப் பழக்கம் வர வேண்டும். நாங்கள் தடுமாறுவது அறிவியலில் இல்லை, அந்தச் சொற்களில்தான்.

பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நாப்கின் கொடுத்துப் பேசுகிற வழக்கம் நிற்க வேண்டும். 2011இல் அறிவித்த ‘புதுயுகம்’ இலவச நாப்கின் திட்டம் நல்ல திட்டம். பல பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கு மட்டம் போடுவது அதனால் குறைந்ததை நேரிலேயே பார்த்தோம். ஆனால் மைதானத்துக்குப் போன பையனுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள்? செல்போனில் வரும் படமும், பேருந்து நிலையச் சுவரில் “இளமையில் செய்த தவறா?” என்று கேட்கும் லாட்ஜ் வைத்தியரின் சுவரொட்டியும்தான். தூக்கத்தில் விந்து வருவது இயல்பு, அது நோயில்லை என்ற ஒரே வாக்கியத்தை ஆசிரியர் வாயால் கேட்டிருந்தால், அப்பாவின் சட்டைப்பையிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு அந்த லாட்ஜுக்குப் போயிருக்க மாட்டான் எங்கள் மாணவன் ஒருவன். “வேண்டாம்” என்று ஒரு பெண் சொன்னால் அதற்குப் பொருள் வேண்டாம் என்பதையும் அவன் அதே வகுப்பில்தான் கற்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று எங்கள் வீட்டுப் பெரியவர்களே கேட்கிறார்கள். அவர்களுடைய பயத்தை நாங்கள் மதிக்கிறோம். உலக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பாலியல் கல்வியால் பாலுறவு கூடுவதில்லை என்றே சொல்கிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 6 பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். சொல்லாமல் விட்டதால் அவர்கள் காப்பாற்றப்படவில்லை. இதே மண்ணில் 1930களிலேயே பெரியார் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலையின் பேரால் பேசினார். 2003இல் ‘புள்ளிராஜா’ எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் தெருவெங்கும் நின்றபோது வீட்டில் அதைப் பேசாதவர்கள் குறைவு. அந்தத் துணிச்சல் வகுப்பறைக்கும் வரட்டும்.

பாடத்தோடு மருந்தும் கிடைக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையை 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது மத்திய அரசின் விதி. தமிழ்நாட்டிலோ கடை கடையாக ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் “இல்லை” என்ற பதில்தான். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மாத்திரை அது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. உண்டான கருவை அது கலைப்பதில்லை. வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கும் இதே 72 மணி நேரம்தான். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது இருப்பில் இருக்க வேண்டும். கடைகளில் விற்கத் தடையில்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அடுத்தது சட்டத்தின் அச்சம். இதில்தான் எங்கள் செவிலியர்கள் அதிகம் தவிக்கிறார்கள். போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளை கர்ப்பம் என்று தெரிந்தால் தகவல் தராமலிருப்பது குற்றம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் பதியும்போது வயது தெரிந்துவிடும். ஆகவே குடும்பங்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை, கடையில் எதையோ வாங்கி விழுங்க வைக்கிறார்கள். ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு ஓர் அம்மா மகளை ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவந்தார். சீட்டில் விரித்திருந்த சாக்கு முழுக்க ரத்தம். பிள்ளையின் பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்க அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. பெண் பிழைத்துக்கொண்டாள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. கருக்கலைப்புக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் போதும், எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இவ்விரண்டையும் தமிழில் ஒரே பக்கச் சுற்றறிக்கையாக்கி ஒவ்வொரு பிரசவ அறையிலும் ஒட்டுங்கள். சம வயதினரிடையே விருப்பத்தோடு நடந்ததையும் கொடுமையையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதை மாற்ற மாநில அரசு மத்திய அரசிடம் பேச வேண்டும். கொடுமை செய்தவனை விடச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

வளரிளம் பருவத்தினர் நல மையங்கள் ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் இருக்கின்றன. அவை செவ்வாய்க்கிழமைக் கர்ப்பிணிகள் வரிசைக்குப் பக்கத்தில் இயங்கக் கூடாது. சனிக்கிழமையும் பள்ளி விட்ட பின் மாலையிலும் திறந்திருக்க வேண்டும். தனி வாசல், கதவுள்ள அறை, பெயர் கேட்காத பேச்சு வேண்டும். நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்பதும், அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098, கல்வி உதவி எண்ணான 14417 ஆகியவற்றைப் பள்ளிக் கழிப்பறைக் கதவின் உட்புறம் எழுதுங்கள். நோட்டீஸ் போர்டின் முன் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள எந்தப் பிள்ளையும் துணியாது. அரசு மாணவர் விடுதிகளிலும் மாற்றுத்திறனாளிகள் பள்ளிகளிலும் இவை அனைத்தும் முதலில் தொடங்கட்டும்.

பெட்டியில் விழுந்த சீட்டுகள் எல்லாவற்றையும், கையெழுத்து அடையாளம் தெரியாதபடி தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன், ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். அதே வகுப்பில் நின்று நாங்களே வாசிக்கிறோம். பென்சில் சீட்டு முதல் பக்கத்தில் இருக்கிறது.