‘ஐ’யா, ‘மீ’யா?

க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தாளில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது.

“உம்மா தம்பிக்கும் எனக்கும் மருதமுனைச் சாரம் தந்தார்” என்பதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ‘மை பிரதர் அண்ட் ஐ’ என்பதா, ‘மை பிரதர் அண்ட் மீ’ என்பதா? தம்பியைச் சற்று நீக்கிப் பாருங்கள். ‘கேவ் மீ’ என்றுதானே வரும்? ஆகவே ‘மீ’யே சரி.

ஆனால் தமிழின் ‘எனக்கு’ எல்லாம் ‘மீ’ ஆகிவிடாது. ‘எனக்குத் தெரியும்’ என்பது ‘ஐ நோ’. தெரிந்திருப்பவர் யார்? அவரே அங்கு எழுவாய்.

‘டு’, ‘ஃபோர்’, ‘வித்’, ‘பிட்வீன்’ ஆகியவற்றின் பின் ‘மீ’தான்: ‘பிட்வீன் யூ அண்ட் மீ’.

இன்றே ஐந்து வாக்கியங்கள் எழுதிப் பழகுங்கள். ஒரு சொல்லிலும் புள்ளி இருக்கிறது!