முல்லர் என்னும் பெயர்

இருக்கு வேதத்தைச் சாயணரின் உரையோடு அச்சேற்றிய மாக்ஸ் முல்லரின் பெயரை வாசகர் பலரும் அறிவர். 1823இல் ஜெர்மனியின் டெசாவ் நகரில் பிறந்த அவ்வறிஞரின் குடும்பப் பெயருக்குப் பொருள் யாது? மாவரைக்கும் ஆலைக்காரர் என்பதே. இன்று ஜெர்மனியில் மிகுதியானோர் தாங்கும் குடும்பப் பெயரும் இதுவே.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. நீரால் சுழலும் ஆலையை உரோமையரிடமிருந்து அறிந்த ஜெர்மானியர், 'மொலீனா' என்ற பெயரையும் உடன் பெற்றனர். வடபுலத்தில் அது மொல்லர் என்றும், தென்புலத்தில் மில்லர் என்றும் ஒலித்தது. கற்றோர் சிலர் தம்மை இலத்தீனில் மோலித்தோர் என்று அழைத்துக்கொண்டனர்.

12ஆம் நூற்றாண்டு முதல் நகரங்கள் பெருகின. யோவான் என்னும் திருமுழுக்குப் பெயருடையோர் ஒரே ஊரில் பலர் இருக்கவே, அடையாளத்திற்கு மற்றொரு பெயர் வேண்டியதாயிற்று. உழவர் நிறைந்த சிற்றூரில் 'உழவன்' என்பது எவரையும் பிரித்துக் காட்டாது. ஆனால் ஆலைக்காரரோ ஊருக்கு ஒருவரே. ஊர்தோறும் அப்பெயர் நிலைத்ததற்கு இதுவே காரணம்.

எனினும், பெயர் பெற்றவர் மதிப்புப் பெறவில்லை. பல இடங்களில் உழவர் தம் நிலக்கிழாருடைய ஆலையில்தான் அரைக்கவேண்டும். வேறிடம் செல்ல உரிமையில்லை. ஆலைக்காரர் கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை அளந்தெடுத்தார். கொடுத்தது கோதுமை, பெறுவது மாவு. இடையில் குறைந்தது எவ்வளவு என்று உழவரால் எங்ஙனம் சரிபார்க்க இயலும்? ஐயம் வளர்ந்தது, ஐயம் பழியாயிற்று. நேர்மையாக அளந்தவரும் அப்பழிக்குத் தப்பவில்லை. பல நகரங்களில் ஆலைக்காரரின் மைந்தரைத் தொழிற்சங்கங்கள் சேர்க்க மறுத்தன. பிறந்த வீடே குற்றமாயிற்று!

1548இல் பேரரசின் ஒழுங்குச் சட்டம் இதற்கு மாறாகக் கட்டளையிட்டது. நெசவாளர், மேய்ப்பர், நாவிதர், ஆலைக்காரர் முதலியோரும் அவர்தம் பிள்ளைகளும் நன்னடத்தை உடையோராயின், சங்கங்களினின்று விலக்கப்படலாகாது என்றது. 1577இல் அச்சட்டத்தைத் திரும்பவும் வெளியிட நேர்ந்தது. ஏட்டில் நீங்கிய இழிவு, மனத்தில் எளிதில் நீங்குவதில்லை அன்றோ! பிரஷ்ய நாட்டில் ஆலைக் கட்டாயம் ஒழிந்தது 1810இல்தான்.

பின்னர்ப் பெயரும் தொழிலும் பிரிந்தன. 1876 முதல் ஜெர்மன் நாடெங்கும் அரசுப் பதிவேடுகள் பெயர்களின் எழுத்தை உறுதிசெய்தன. மாக்ஸ் முல்லரின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் ஒரு கவிஞர். ஆலையில் பணிபுரிய வந்த இளைஞன் ஒருவனின் காதலையும் துயரையும் அவர் பாடல்களாக்க, சூபர்ட் 1823இல் அவற்றிற்கு இசையமைத்தார். முன்னாளில் ஐயத்தோடு நோக்கப்பட்ட அத்தொழிலாளரின் உள்ளத்தை உலகம் இசையாகக் கேட்டது.

அன்பர்களே, ஒருவர் செய்யும் தொழிலைச் சுட்டும் சொல் அவரை அடையாளம் காட்டலாம். அவரை அளந்துவிட முடியாது. ஆலைக்காரரின் அளவைப் பழித்தோர், மனிதரை அளக்கும்போது தாமே படியைக் குறைத்தனர். நம் கையிலுள்ள படியையும் நாம் ஒருமுறை நோக்குவது நன்று.