மீன்பெட்டியும் குளிர்களியும்

பனிக்கட்டியின் இயல்பை நன்கறிந்தவர் ஈழத்தில் யாவர் என்று கேட்பின், திருகோணமலைத் துறைமுகத்து மீன்தொழிலாளரை முதல் வரிசையில் வைத்தல் வேண்டும். கரைக்கு வந்த அறக்குளாவையும் பாரையையும் றெஜிபோம் பெட்டியில் இட்டு, ஓர் அடுக்கு மீனுக்கு ஓர் அடுக்கு ஐஸ் பரப்பி, மூடியை இறுக்கி வெளியூருக்கு அனுப்பும் அவர்கள், வழியிலே பெட்டியைத் திறக்க ஒருப்படார். இளகிய மீனை மீண்டும் உறையவைத்தால் சதை நைந்துவிடும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இத்தகைய ஊரின் இல்லங்களிலே குளிர்களி படும் பாட்டைக் காணும்போதுதான் வியப்பு உண்டாகிறது.

ஐஸ்கிறீம் என்று வாய் சொல்வதைக் குளிர்களி என்று ஏடு சொல்கிறது. ஏட்டின் பெயர் அழகியது. எனினும் கடைக்காரரிடம் அப்பெயரைச் சொல்லிக் கேட்பவரை நான் இன்னும் கண்டதில்லை. அது நிற்க. தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ பிறந்தநாளுக்கோ பெரிய பெட்டி ஒன்று வாங்கப்படுகிறது. மீன் உறையும் அதே அறையில் அதற்கும் இடம் கிடைக்கிறது. விருந்தினர் வருந்தோறும் பெட்டி மேசைக்கு வருகிறது; பேச்சு வளர்கிறது; ஓரங்கள் உருகுகின்றன; நான்கு கிண்ணங்களுக்கு எடுத்தபின் எஞ்சியது மீண்டும் உறையறைக்குச் செல்கிறது. நான்காம் முறையாக வெளிவந்த பெட்டியிலிருந்து எனக்கும் ஒரு நாள் வழங்கினர். நாவில் மணல் நெறிபட்டது. வனிலாவின் பின்னே சூரை மீனின் வாசனையும் மெல்ல வந்தது. உபசரித்தவரின் அன்புக்காக உண்டு முடித்தேன்.

இதற்குக் காரணம் தெளிவானது. குளிர்களி உறைந்த பால் மட்டுமன்று. பாற்கொழுப்பும் சீனியும் நுண்ணிய பனித்துகள்களும் காற்றுக் குமிழிகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் கட்டமைப்பு அது. சில வகைகளில் பருமனிற் பாதி காற்றே. பனித்துகள் ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கினும் சிறிதாக இருக்கும்வரை நா அதனை மென்மை என்று உணர்கிறது. இளகி மீண்டும் உறையும்போது துகள்கள் ஒன்று கூடிப் பருக்கின்றன, காற்றோ வெளியேறிவிடுகிறது. போன காற்றை எந்தக் குளிர்சாதனப் பெட்டியும் திரும்பத் தராது. அயல் வாசனையை ஏற்பதிலோ கொழுப்புக்கு நிகரில்லை.

சுவை கெடுவதோடு தீங்கு முடிவதும் இல்லை. குளிர், கிருமியை உறங்கவைக்குமே தவிரக் கொல்லாது. ஐக்கிய அமெரிக்காவில் லிஸ்தீரியா என்னும் கிருமி படிந்த குளிர்களியை உண்டு நோயுற்றோருள் மூவர் இறந்தமை 2015இல் தெரியவந்தது. அங்கே கிருமி புகுந்தது ஆலையில். ஆயினும் உறைநிலை அதனை அழிக்கவில்லை என்பது நமக்கும் பாடமன்றோ? கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேசைமேல் உருகிக் கிடக்கும் பெட்டி, குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உள்ள வீட்டிலே அஞ்சத்தக்கதே.

பெரிய பெட்டி மலிவு, விருந்தினரோ சொல்லாமல் வருபவர் என்பர். உண்மைதான், விலைவாசி அறிந்தவர் எவரும் இதனை எள்ளி நகையாட மாட்டார். ஆனால் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது அந்த மலிவு என்னாயிற்று? நிறைந்த உறையறை, கதவு திறவாதிருப்பின், ஏறத்தாழ இரண்டு நாள் குளிரைக் காக்கும். நாமோ உருகிற்றா என்று பார்ப்பதற்காகவே பத்து முறை திறந்தோம். சென்னையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மரத்தூளிற் பொதிந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியை அங்கே காத்தது இயந்திரமன்று; தடித்த சுவரும் மூடிய கதவுமே.

ஆகவே என் கருத்து இது: முடிந்தவரை உண்ணும் நாளிலேயே வாங்குக. பெரிய பெட்டிதான் வேண்டுமென்றால், வாங்கிய அன்றே, இளகுமுன், ஒருவேளைக்குப் போதுமான சிறு கிண்ணங்களாகப் பிரித்து, மேற்பரப்பை ஒட்டிப் பொலித்தீன் தாள் இட்டு மூடுக. கதவோரத்தில் வையாது உள்ளே, பூச்சியத்தின் கீழ் 18 பாகை குளிர் நிற்கும் இடத்தில் வைக்க. மீனைத் தனிப் பையில் இறுகக் கட்டுக. நம் பாடசாலைகளின் மனைப்பொருளியல் ஆசிரியர்கள் இதனை ஒரு பாடவேளையிற் செய்தே காட்டலாம். ஒரே குளிர்களியை இளகாத கிண்ணத்திலும் இளகி உறைந்த கிண்ணத்திலும் கொடுத்தால் மாணவியரின் நாவே மற்றதைச் சொல்லிவிடும்.

பரிமாறுவதற்குமுன் அதனை மேசையில் வைத்துக் காத்திருக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலே சில நிமிடம் வைத்தாற் போதும். கிண்ணங்களையும் அங்கேயே குளிரவிடலாம். கரண்டியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்துவிட்டு அள்ளுக. கிண்ணத்தில் எஞ்சி உருகியதைப் பாலோடு கலக்கி அப்போதே பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள்.